காசில்லாமல் கிடைப்பதெல்லாம் இலவசமோ? மென்பொருள் உரிமம் பற்றி ஒரு பாடம்



எங்கள் கணினி வகுப்புக்குப் புதிதாக வருபவர்கள் வந்த கையோடு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “அண்ணை, இந்த லப்ரொப்பில விண்டோஸ் பழுதாப் போச்சு. உங்களிட்டை ஒரு கொப்பி இருக்கோ? கீயும் இருந்தால் தாங்கோ.”

இப்படிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊரில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பழகினோம். கடையில் ஒரு சீடி வாங்கினால் விண்டோஸ், ஒபிஸ், போட்டோசொப் எல்லாம் அதற்குள் இருக்கும். அதைக் களவு என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. உண்மையில் இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. பிரித்தானியாவில் 1988 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அதையே செய்கிறது.

நான் வந்த புதிதில் ஒரு பழைய கணினி வாங்கினேன். தெரிந்த ஒருவர் அதில் கள்ளக் கொப்பி விண்டோஸ் போட்டுத் தந்தார். என் தஞ்சக் கோரிக்கைக்கான வாக்குமூலத்தை அதில்தான் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி வந்தேன். நேர்காணலுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது வைரஸ் பிடித்து ஒன்றையும் திறக்க முடியாமல் போயிற்று. எழுதியது ஆறு பக்கம். அந்த ஆறு பக்கத்தையும் நினைவிலிருந்து மறுபடி எழுதின இரவுகளை நான் இன்னும் மறக்கவில்லை. காசு கொடுக்காமல் வாங்கிய பொருளுக்கு நான் கொடுத்த விலை அதுதான்.

காசு இல்லாத ஒருவர் களவும் செய்யாமல், பயமும் இல்லாமல் கணினி பாவிக்க வழி இருக்கிறது. அந்த வழியைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

1. உரிமம் என்றால் என்ன?

உங்கள் கையில் ஏ.ஆர்.சி. அட்டை இருக்கும். நீங்கள் தஞ்சம் கோரியவர் என்று அது சொல்கிறது. வேலை செய்ய அனுமதி உண்டா இல்லையா என்பதும் அதில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த ஒரு வரியை நீங்கள் எத்தனை தரம் வாசித்திருப்பீர்கள்!

மென்பொருள் உரிமமும் அதே மாதிரி ஒரு அனுமதிப் பத்திரம்தான். மென்பொருளை எழுதியவர், “இதைச் செய்யலாம், இதைச் செய்யக் கூடாது, இதைச் செய்தால் இன்ன கடமை உண்டு” என்று அதில் சொல்கிறார். நீங்கள் காசு கொடுத்து விண்டோஸ் வாங்கினாலும் விண்டோஸ் உங்களுக்குச் சொந்தமாவதில்லை. சில நிபந்தனைகளோடு அதைப் பாவிக்கும் அனுமதிதான் கிடைக்கிறது. “நான் ஒப்புக்கொள்கிறேன்” என்ற பொத்தானை வாசிக்காமல் அழுத்துகிறோமே, அந்தப் பத்திரம்தான் இது.

எந்த உரிமத்தைப் பார்த்தாலும் நான்கு கேள்வி கேளுங்கோ:

1. இதை யாரும், எந்தத் தேவைக்கும், எத்தனை கணினியிலும் பாவிக்கலாமா?
2. பிரதி எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கலாமா?
3. உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாமா, மாற்றலாமா?
4. மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது என்ன கடமை?

விண்டோஸில் முதல் மூன்று கேள்விக்கும் பெரும்பாலும் “இல்லை” என்றுதான் பதில் வரும். பழைய கணினியோடு சேர்ந்து வரும் விண்டோஸ் உரிமம் அநேகமாக அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது. திறந்த மூல மென்பொருளில் முதல் மூன்றுக்கும் “ஓம்” என்ற பதில் வரும். நான்காவது கேள்வியில்தான் வித்தியாசம் இருக்கிறது.

இலவசமாக இறக்கிக்கொள்ளக் கூடிய மென்பொருள் எல்லாம் திறந்த மூலம் அல்ல என்பதையும் கவனத்தில் கொள்ளவும். சிலவற்றை ஓசியாகப் பாவிக்க விடுவார்கள், ஆனால் பிரதி கொடுக்கவோ உள்ளே பார்க்கவோ விட மாட்டார்கள். அவர்கள் நாளைக்குக் காசு கேட்டால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

2. விதைநெல் கதை: இரண்டு வகைத் திறந்த உரிமங்கள்

பக்கத்து வீட்டுக்காரர் உங்களுக்கு ஒரு சாக்கு விதைநெல் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “விதையுங்கோ, சாப்பிடுங்கோ, விற்றாலும் பரவாயில்லை. ஆனால் இதை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது அவரும் இதே மாதிரி விதைக்கவும் கொடுக்கவும் விடவேணும்” என்று ஒரு நிபந்தனை போடுகிறார். இதுதான் ஜி.பி.எல். உரிமம். அமெரிக்காவில் ரிச்சார்ட் ஸ்டோல்மன் 1983 இல் குனு திட்டத்தை அறிவித்தார். இந்த உரிமத்தின் முதற் பதிப்பை 1989 இல் வெளியிட்டார். இரண்டாம் பதிப்பு 1991 இலும் மூன்றாம் பதிப்பு 2007 இலும் வந்தன.

இன்னொரு அயலவர், “நெல்லை என்னவும் செய்யுங்கோ, என்ரை பெயரை மட்டும் அழிக்காதேங்கோ” என்கிறார். இது பி.எஸ்.டி. வகை உரிமம். இதை எடுத்தவர் மாற்றி, மூடின பையில் போட்டு விற்கலாம். உள்ளே என்ன இருக்கிறதென்று காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. அப்பிள் கணினிகளின் இயங்குதளத்தில் இப்படிப் பி.எஸ்.டி. வழியாக வந்த பகுதிகள் இருக்கின்றன.

எது நல்லது என்று ஆட்கள் பல வருடமாகச் சண்டை பிடிக்கிறார்கள். என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். மென்பொருளைப் பாவிக்கிற உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டையும் பயமில்லாமல் பாவிக்கலாம். நீங்களே ஒரு நிரல் எழுதி எல்லோருக்கும் கொடுக்க நினைத்தால், உங்கள் உழைப்பை ஒருவர் மூடி வைக்கக் கூடாது என்ற எண்ணம் இருந்தால் ஜி.பி.எல்.ஐ எடுங்கள். எவ்வளவு பேர் பாவிக்கிறார்களோ அவ்வளவுக்குச் சந்தோசம் என்றால் பி.எஸ்.டி. வகையை எடுங்கள்.

ஒன்றை மட்டும் பிழையாக விளங்க வேண்டாம். ஜி.பி.எல். காசு வாங்குவதைத் தடை செய்யவில்லை. லினக்ஸின் கதையே இதற்கு உதாரணம். 1991 இல் பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் ரோவால்ட்ஸ் அதை முதலில் வெளியிட்டபோது, விநியோகிக்கக் காசு வாங்கக் கூடாது என்றுதான் உரிமத்தில் எழுதியிருந்தார். 1992 இல் அதை விட்டு ஜி.பி.எல்.க்கு மாறினார். அதற்குப் பிறகு கொம்பனிகளும் லினக்ஸை எடுத்து வளர்த்தன. இன்று உங்கள் அன்ரொயிட் கைத்தொலைபேசியின் அடியிலும் லினக்ஸ்தான் ஓடுகிறது. ஆக, நீங்கள் லினக்ஸ் பாவிக்கத் தொடங்கி எத்தனையோ வருடமாகிவிட்டது, தெரியாமல் இருந்திருக்கிறீர்கள். அவ்வளவுதான்.

3. இயங்குதளம்: எதைப் போடலாம்?

மைக்ரோசொப்ட் 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11 போடுவதற்குக் குறிப்பிட்ட பாதுகாப்புச் சிப்பும் ஓரளவு புதிய கணினியும் வேண்டும். அதனால் நல்ல நிலையில் உள்ள பல கணினிகளைக் கந்தோர்களும் வீடுகளும் கழித்துவிடுகின்றன. அவற்றில் சில உங்களைப் போன்றவர்களின் கைக்கு வருகின்றன. அப்படி ஒரு கணினி கிடைத்தால் கள்ளக் கீ தேடி அலைய வேண்டாம்.

முதன்முதலாக லினக்ஸ் பாவிப்பவருக்கு நான் சொல்வது லினக்ஸ் மிண்ட். திரையில் கீழே பட்டி, மூலையில் தொடக்கப் பொத்தான் என்று விண்டோஸ் பழகின கைக்கு வசதியாக இருக்கும். 4 ஜி.பி. நினைவகம் உள்ள பழைய லப்ரொப்பிலும் ஓடும். உபுண்டு 2004 இல் தொடங்கியது. அதன் நீண்டகாலப் பதிப்புகளுக்கு 5 வருடம் இலவசமாகப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். டெபியன் 1993 இலிருந்து தொண்டர்களால் நடத்தப்படுகிறது. கொஞ்சம் பழகின பிறகு அதற்குப் போகலாம்.

செய்யும் முறை சுருக்கமாக:

• மென்பொருளை அதன் சொந்த இணையத்தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள்.
• ஒரு யூ.எஸ்.பி. குச்சியில் அதை எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கிப் பாருங்கள். கணினியில் இருப்பது ஒன்றும் அழியாது. வைபை, சத்தம், தமிழ் எழுத்து எல்லாம் சரியா என்று பார்க்கலாம்.
• பிடித்திருந்தால் மட்டும் நிறுவுங்கள். நிறுவும்போது பழையவை அழிந்துபோகலாம். முதலில் படங்கள், கடிதங்கள், வாக்குமூலம் எல்லாவற்றையும் வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.
• நூலகக் கணினியிலோ நிலையக் கணினியிலோ இதைச் செய்ய வேண்டாம். அவை உங்களுடையவை அல்ல.

எழுத்து வேலைக்கு லிப்ரே ஒபிஸ் இருக்கிறது. 2010 இல் ஓப்பின் ஒபிஸ் திட்டத்தில் இருந்து பிரிந்து வந்தது. கடிதம், கணக்கு அட்டவணை எல்லாம் செய்யலாம், மைக்ரோசொப்ட் வேர்ட் கோப்புகளையும் திறக்கும். தமிழ் எழுதும்போது பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை விட்டு யூனிகோட்டில் எழுதுங்கள். பாமினியில் எழுதிய வாக்குமூலம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்களாகத்தான் தெரியும். உங்கள் சட்டத்தரணியின் கந்தோரில் அப்படித் தெரிந்தால் என்ன செய்வது? நோட்டோ போன்ற திறந்த உரிம எழுத்துருக்களில் தமிழும் உண்டு, காசு தேவையில்லை.

குறைகளையும் சொல்லத்தானே வேணும். சிக்கலான அட்டவணைகள் உள்ள வேர்ட் கோப்புகள் லிப்ரே ஒபிஸில் சில நேரம் குழம்பும். சில பழைய பிரிண்டர்கள் சண்டித்தனம் பண்ணும். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அநேகம் பேர் வேர்ட், எக்செல் தெரியுமா என்றுதான் கேட்பார்கள். ஜேர்மனியின் மியூனிக் நகரசபை 2003 இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்தது. 2013 ஆம் ஆண்டளவில் சுமார் 15,000 கணினிகளை மாற்றியது. 2017 இல் திரும்ப விண்டோஸுக்குப் போக முடிவெடுத்தது. ஆகவே லினக்ஸ் எல்லா நோய்க்கும் மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் லினக்ஸ் பாவியுங்கள். வேர்டையும் எக்செலையும் நூலகத்திலோ வகுப்பிலோ பழகுங்கள். இரண்டும் தெரிந்தவருக்கு நட்டம் இல்லை.

4. தரவுத்தளம்: எங்கள் கடற்கரையில் பிறந்த ஒரு பாடம்

தரவுத்தளம் என்றால் ஒழுங்காக அடுக்கிய பதிவேடு. உங்கள் பெயர், பிறந்த திகதி, இலக்கம் எல்லாம் இப்போது எத்தனையோ கந்தோர்களின் தரவுத்தளங்களில் இருக்கின்றன.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி வந்தபோது இலங்கையில் 30,000 க்கும் அதிகமானோர் இறந்தார்கள். முல்லைத்தீவு, மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளில் என்ன நடந்தது என்று உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. யார் எந்த முகாமில், யாரைக் காணவில்லை, எந்த முகாமுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று ஒரு இடத்தில் பார்க்க வழி இருக்கவில்லை. அப்போது கொழும்பில் கணினித் துறையில் இருந்த தொண்டர்கள் சேர்ந்து சில கிழமைகளில் ஒரு மென்பொருளை எழுதினார்கள். அதன் பெயர் சஹானா. காணாமற் போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, தேவைகளின் பதிவு என்று பகுதி பகுதியாக அமைத்தார்கள்.

அதை லினக்ஸ், மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், பி.எச்.பி. மொழி போன்ற திறந்த மூலக் கருவிகளைக் கொண்டு கட்டினார்கள். உரிமம் வாங்கக் காசும் வேண்டியிருக்கவில்லை, அனுமதிக் கடிதத்துக்குக் காத்திருக்கவும் வேண்டியிருக்கவில்லை. எழுதியதையும் திறந்த உரிமத்திலேயே விட்டார்கள். அதனால் 2005 இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியின்போதும் 2010 இல் ஹெயிட்டி பூமியதிர்ச்சியின்போதும் அது கைகொடுத்தது. 2006 ஆம் ஆண்டுக்கான சமூக நன்மைத் திட்ட விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்கு வழங்கியது. ஒரு இடத்து ஆட்களின் துயரத்துக்காக எழுதியது இன்னொரு தேசத்து ஆட்களுக்கு உதவியது என்றால், அதற்கு வழி திறந்துவிட்டது அந்த உரிமம்தான்.

எந்தத் தரவுத்தளத்தைப் படிக்கலாம்? என் அபிப்பிராயம் இது:

எஸ்கியூலைற்: முதற்படி. முழுத் தரவுத்தளமும் ஒரே ஒரு கோப்பு. இதற்கு உரிம நிபந்தனையே இல்லை, எழுதியவர்கள் பொதுச் சொத்தாக விட்டுவிட்டார்கள்.

போஸ்ட்கிரெஸ்: வேலைக்கு என்று படிப்பவருக்கு நான் முதலில் காட்டுவது. 1986 இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பி.எஸ்.டி. வகை உரிமம். ஒரு தனிக் கொம்பனிக்குச் சொந்தமில்லை.

மைஎஸ்கியூஎல், மரியாடிபி: இணையத்தளங்கள் பலவற்றின் பின்னால் இருப்பவை. ஊரில் இதைப் படித்தவர்கள் பலர் இருப்பீர்கள். அந்த அறிவு இங்கும் செல்லும்.

5. உரிமையாளர் மாறினால் என்ன நடக்கும்?

மைஎஸ்கியூஎல் சுவீடனில் 1995 இல் தொடங்கிய தரவுத்தளம். 2008 இல் சண் என்ற அமெரிக்கக் கொம்பனி அதைச் சுமார் 100 கோடி டொலருக்கு வாங்கியது. 2010 இல் சண்ணை ஒறாக்கிள் வாங்கிவிட்டது. காசுக்குத் தரவுத்தளம் விற்கும் கொம்பனியின் கையில் இலவசத் தரவுத்தளம் போனால் என்ன ஆகுமோ என்று பலர் பயந்தார்கள். ஆனால் மைஎஸ்கியூஎல் ஜி.பி.எல்.இல் இருந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான மொன்ரி விடேனியஸ் அதே மூலநிரலை எடுத்து 2009 இல் மரியாடிபி என்று தனிக் கிளையாக வளர்க்கத் தொடங்கினார். விற்ற பிறகும் அவருக்கு அந்த உரிமை இருந்தது. உங்களுக்கும் எனக்கும்கூட இருந்தது.

இது பழைய கதை அல்ல. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தளத்தின் கொம்பனி தன் உரிமத்தை இறுக்கியது. சில நாட்களுக்குள் பழைய திறந்த பதிப்பை எடுத்து வால்கீ என்ற பெயரில் வேறு ஆட்கள் தொடர்ந்தார்கள். 2025 மே மாதத்தில் ரெடிஸ் கொம்பனி திறந்த உரிமம் ஒன்றைத் திரும்பவும் சேர்த்துக்கொண்டது. புதிய பதிப்புக்கு நிபந்தனையை மாற்றலாம், ஆனால் ஏற்கெனவே கொடுத்த உரிமையைத் திரும்பப் பறிக்க முடியாது. அதுதான் நல்ல உரிமத்தின் பலம்.

6. இரண்டு பத்திரத்தையும் வாசியுங்கள்

இப்போது மிக முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். லினக்ஸ் போடப் பழகின ஒரு தம்பி சந்தோசமாக வந்து சொன்னார்: “அண்ணை, ஜி.பி.எல். காசு வாங்கலாம் எண்டு சொல்லுது. நான் அயலட்டைக்கு லினக்ஸ் போட்டுக் குடுத்து ஆளுக்குப் பத்துப் பவுண் வாங்கலாம்தானே?”

மென்பொருளின் உரிமம் அவரைத் தடுக்கவில்லை. அவருடைய அட்டை தடுக்கிறது. வேலை செய்ய அனுமதி இல்லை என்றால் கையில் காசாக வாங்கும் சின்ன வேலையும், சொந்தத் தொழிலும் வேலைதான். அந்தப் பத்துப் பவுணால் வழக்குக்குப் பாதிப்பு வந்தால் யார் ஈடு செய்வது? ஆகவே ஒரு உரிமம் விட்டாலும் மற்றது விடுகிறதா என்று பாருங்கள்.

காசு வாங்காமல் ஒரு தொண்டு நிறுவனத்தில் தொண்டராகக் கணினி திருத்திக் கொடுக்கலாம். ஆனால் ஒரு கொம்பனிக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்தாலும் அது வேலையாகக் கணிக்கப்படக் கூடும். திறந்த மூலத் திட்டங்களில் பிழை கண்டுபிடிப்பதற்குப் பரிசுக் காசு தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். அதை ஏற்பதற்கு முன் கட்டாயம் உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். கள்ளக் கொப்பி விற்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம், அது குற்றம்.

அப்படியென்றால் இதைப் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்பீர்கள். காத்திருக்கும் காலம் நீளமானது. வேலை செய்யத்தான் அனுமதி வேண்டும், படிக்க இந்த உரிமங்கள் யாரிடமும் அனுமதி கேட்கச் சொல்லவில்லை. பெரிய கொம்பனிகளில் ஓடுகிற அதே தரவுத்தளத்தை, அதே இயங்குதளத்தை, குறைந்த பதிப்பாக இல்லாமல் முழுசாக உங்கள் அறையில் வைத்துப் பழகலாம். அனுமதி வரும் நாளில் கையும் தயாராக இருக்கும்.

வீட்டு வேலை

உங்களுக்கு வந்த கடிதங்களை எல்லாம் எடுங்கள். லிப்ரே ஒபிஸில் ஒரு அட்டவணை திறந்து ஆறு நிரல் போடுங்கள்: கடிதத் திகதி, கைக்குக் கிடைத்த திகதி, அனுப்பியவர், அதிலுள்ள இலக்கம், பதில் கொடுக்க வேண்டிய கடைசி நாள், பதில் அனுப்பிய நாள். ஒரு கடிதத்துக்கு ஒரு வரி. எஸ்கியூலைற் பழகின பிறகு இதையே அதில் போட்டு, “பதில் அனுப்பாதவை எவை?” என்று கேட்டுப் பாருங்கள். அதுதான் உங்கள் முதலாவது தரவுத்தளம்.

ஒரு பிரதியை யூ.எஸ்.பி. குச்சியில் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். பொதுக் கணினியில் விட்டுவிட்டு வர வேண்டாம். என்னுடைய ஆறு பக்கத்துக்கும் ஒரு பிரதி இருந்திருந்தால் நான் இரண்டு கிழமை நித்திரை முழித்திருக்கத் தேவையில்லை.

சந்தேகம் இருந்தால் கணினியையும் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வாங்கோ. கீ மட்டும் கேட்காதேங்கோ!